மாட்டு வைத்திய ஏடும் மீன் வாடையும்

கடைசிப் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தபோது தனேஸ்வரியால் தன் மூக்கையே நம்ப முடியவில்லை. குனிந்து இன்னொரு முறை முகர்ந்தாள். சந்தேகமே இல்லை. மீன்.

அதுவும் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கிற வாடை அல்ல. கடை கட்டுகிற நேரத்தில் மீன் பாசாருக்குள் நுழைந்தால், எதிரே வந்து உரிமையோடு தோளில் கைபோடுமே, அந்த வாடை.

"ஐயோ அண்ணே, கவுத்துட்டீங்களே!" என்று காலி அறையில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மேசையில் கிடந்தது மீன் அல்ல, ஓலைச்சுவடி. பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல்கள் பிரிவில், தமிழ்ச் சேகரிப்புக்கு வந்த முதல் ஓலைச்சுவடி. அந்தச் சேகரிப்பின் பட்டியலைத் தயாரிப்பவள் தனேஸ்வரி. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பழைய பஞ்சாங்கம், பஜனைப் பாட்டுப் புத்தகம், சங்கத் துண்டறிக்கை எதுவானாலும் அவள் மேசைக்குத்தான் வரும். தலைப்பு, ஆசிரியர், அளவு, நிலை என்று கணினியில் பதிந்து, எண் கொடுத்து, அலமாரியில் ஏற்றுவாள். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் எந்தப் புத்தகத்தை எந்தப் பூச்சி தின்றது என்பதுவரை குறித்து வைக்கிற கிறுக்கு அவளுக்கு உண்டு.

ஏட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் கோலா சிலாங்கூரில் பல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற கதிரவேலு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய பாட்டனார் சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவர். கணக்கு எழுதியது போக மீதி நேரத்தில் தோட்டத்து மாடுகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். ஏடும் அதைப் பற்றியதுதான். மாட்டு வைத்தியம்.

நூலகத்தில் ஒரு விதி இருந்தது. பழைய பொருள் எது உள்ளே வந்தாலும், பூச்சி இருக்கிறதோ இல்லையோ, முதலில் இரண்டு வாரம் உறைபெட்டியில் கிடக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் செத்துப்போகும். அதற்குப் பிறகுதான் படிப்பதும் பதிவதும்.

ஏடு வந்த வாரம் இரண்டு சங்கடங்கள் சேர்ந்து வந்தன. தனேஸ்வரிக்கு நல்ல சளி. தும்மல் ஓலைமேல் விழுந்துவிடக் கூடாதே என்று முகமூடியும் கையுறையுமாக அவசர அவசரமாகச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் நூலகத்து உறைபெட்டி செத்துக் கிடந்தது. பழுது பார்க்கச் சொல்லி மனுப் போட்டால், பதில் வருவதற்குள் பூச்சி பேரன் பேத்தி எடுத்துவிடும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவளுடைய அண்ணன் தனபாலன் பாகான் நக்கோடா ஓமாரில் மீன் வியாபாரம் செய்தான். ஆள் படுத்துப் புரளுகிற அளவுக்குப் பெரிய ஐஸ்பெட்டி அவனிடம் இருந்தது.

அரிய பொருளை அனுமதியில்லாமல் நூலக வாசலைத் தாண்டிக் கொண்டுபோவது, கோயில் சிலையைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம். தெரிந்தேதான் தூக்கிக்கொண்டு போனாள். ஏட்டின் நன்மைக்குத்தானே!

இப்போது அந்த நன்மை மேசையில் கிடந்து நாறியது. உடனே அண்ணனுக்குப் போன் அடித்தாள்.

"அண்ணே, என் பார்சலை எங்க வச்சிருந்தீங்க?"

"ஐஸ்பெட்டியிலதான். ஏன், உருகிருச்சா?"

"மீன் போடற பெட்டியிலயா?"

"பின்ன? உனக்காகத் தங்கத்துல ஒண்ணு செஞ்சா வச்சிருக்கேன்?"

"நாறுதுண்ணே! ஏடு முழுக்க மீன் நாத்தம்!"

தனபாலனை எது சொன்னாலும் பொறுத்துக்கொள்வான். அவன் மீனைச் சொன்னால் பொறுக்க மாட்டான்.

"இங்க பாரு பாப்பா. நீ பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக் சுத்தி, டேப்பு போட்டு, டப்பாவுல அடைச்சுக் குடுத்த. அதுக்குள்ள என் மீனு எப்படி லா பூரும்? என் மீனு நாறவே நாறாது. பாகான்ல யார வேணாலும் கேளு." போனை வைத்துவிட்டான்.

தனேஸ்வரி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பதறக் கூடாது. வாடைதானே? காற்றில் வைத்தால் போய்விடும்.

ஜன்னலைத் திறந்து, வெயில் படாத ஓரத்தில் ஏட்டை வைத்தாள். சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே யாரோ கூப்பிடுவது போல இருந்தது. எட்டிப் பார்த்தாள். கம்பஸில் சோம்பித் திரியும் பூனைகளில் ஒன்று விளிம்பில் உட்கார்ந்து, பக்தியோடு அவளைப் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. கீழே செடி மறைவில் ஒரு குடும்பமே.

ஜன்னலைச் சாத்தினாள்.

காப்பித்தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று இணையத்தில் யாரோ சத்தியம் செய்திருந்தார்கள். கேண்டீனில் ஒரு கிண்ணம் வாங்கிவந்து, ஏட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்டியை மூடினாள். மறுநாள் காலை திறந்து பார்த்தால் காப்பித்தூளுக்கும் மீன் வாடை வந்திருந்தது. மீன்காரர் ஒருவர் காப்பி குடித்துவிட்டு முகத்துக்கு நேரே வந்து பேசுவது போல இருந்தது.

மூன்றாவதாக அவள் செய்ததுதான் உச்சம். ஏட்டின் பக்கத்தில் புகை ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஏட்டை அறையில் வைத்துவிட்டு, பக்கத்துத் தேநீர் அறையில் சாம்பிராணி போட்டாள். தாழ்வாரத்தில் மணம் பரவினால் மீன் வாடை வெளியே தெரியாதல்லவா?

தாழ்வாரத்தில் மணம் பரவியது. கூரையிலிருந்த புகைமணியும் அதை முகர்ந்தது.

நூலகம் முழுவதும் மணி அலறியது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் படியில் இறங்கி ஓடினார்கள். தனேஸ்வரியும் ஓடினாள். தீயே இல்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனாலும் அவள் கை தானாக ஏட்டுக்கட்டை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

புல்வெளியில் கூட்டம் நின்றது. தனேஸ்வரி ஓரமாக ஒதுங்கினாள். பூனைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் காலைச் சுற்றி உட்கார்ந்தன. மாணவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

அரிய நூல்கள் பிரிவுத் தலைவர் சிவநேசனும் தலைமை நூலகர் புவான் ரொஹாயாவும் சேர்ந்தே வந்தார்கள். புவான் ரொஹாயா நல்லவர், ஆனால் கணக்குப் பார்ப்பவர். தமிழ்ச் சேகரிப்பு அறைக்கு மாதத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் வருகிறது. அதை மாணவர்களின் கணினி விளையாட்டு அறையாக மாற்றிவிட்டு, புத்தகங்களைப் புக்கிட் செந்தோசா கிடங்குக்கு அனுப்பிவிடலாம் என்பது அவருடைய திட்டம். நாற்காலி போடுவதற்கு அளவெடுக்க ஆட்கள்கூட வந்துவிட்டுப் போயிருந்தார்கள். சேகரிப்பு கிடங்குக்குப் போனால் தனேஸ்வரியின் ஒப்பந்தமும் அதோடு போகும்.

புவான் ரொஹாயா மூக்கைச் சுருக்கினார். "பாவு அப்பா இனி?"

என்ன வாடை இது? அதே கேள்வியைச் சிவநேசன் தமிழில் கேட்டார். "என்னம்மா இது, ஏட்டுலேர்ந்தா வருது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏட்டை வெளியே கொண்டுபோனது தெரிந்துவிடும். தனேஸ்வரியின் வாய், மூளையைக் கேட்காமல் தானே பேசத் தொடங்கியது.

"சார்... பழைய காலத்துல ஏட்டுக்குப் பூச்சி வராம இருக்க எண்ணெய் பூசுவாங்கல்ல? வேப்பெண்ணெய், எலுமிச்சம்புல் எண்ணெய்..."

"ஆமா."

"இது கடலோரத்துத் தோட்டத்து ஏடு சார். அதனால... ஒருவேளை... மீன் எண்ணெய்..."

சிவநேசன் கண்ணில் விளக்கெரிந்தது. அந்த அறையைக் காப்பாற்ற இரண்டு வருடமாகக் கடிதம் எழுதி எழுதிக் களைத்துப்போன மனிதர். ஓய்வுபெற அதிக நாள் இல்லை. முழுகுகிறவன் கையில் கட்டை அகப்பட்டது போல அந்த மீன் எண்ணெய் அகப்பட்டது.

"மீன் எண்ணெய்!" என்று புவானிடம் திரும்பி மலாயில் விளக்கத் தொடங்கினார். தனேஸ்வரி சொன்னது ஒரு வரி. அவர் சொன்னது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் புவான் ரொஹாயா ஏட்டைப் புது மரியாதையோடு பார்த்தார்.

மறுநாள் தனேஸ்வரி பதிவு எழுத உட்கார்ந்தாள். ஏட்டைப் படிக்கப் படிக்க அவளுக்கு வாடையே மறந்துபோயிற்று. வயிறு ஊதினால் என்ன செய்வது, குளம்பு வெடித்தால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த கிராணி, நடுவில் திடீரென்று, 'இந்த மருந்தை வெள்ளச்சிக்குக் கொடுக்கும்போது இடப்பக்கம் நிற்கலாகாது' என்று எழுதியிருந்தார். அடுத்த ஓலையில், 'வலப்பக்கமும் நிற்கலாகாது.'

தனேஸ்வரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்த நாட்டுக் காப்பகத்திலும் இந்த வெள்ளச்சி இருக்கப்போவதில்லை. இவள் கிடங்குக்குப் போய் அட்டைப் பெட்டியில் அடைபடக் கூடாது.

பதிவில் எழுதினாள்: 'நிலை: மிக நன்று. பூச்சி அரிப்பு அறவே இல்லை. மீன் வாடை உண்டு. மீன் எண்ணெய்ப் பூச்சு (?)'

சிவநேசன் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "கேள்விக்குறி எதுக்கும்மா? எழுதினவங்களுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கு."

"எனக்கு நம்பிக்கை இல்லதான் சார்."

"எனக்கு இருக்கு," என்று சொல்லிக் கேள்விக்குறியை அழித்தார்.

அவர் போனதும் தனேஸ்வரி அதைத் திரும்பப் போட்டாள். சாயங்காலம் பார்த்தால் காணோம். 'இருக்கலாம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். மறுநாள் அது 'ஆகும்' என்று மாறியிருந்தது. அதற்கு மறுநாள் ஆங்கிலப் பதிவில், 'இதுவரை அறியப்பட்ட ஒரே சான்று' என்று புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. அதற்குள் பதிவு உலகம் முழுவதும் தெரியும்படி இணையத்தில் ஏறியும்விட்டது.

சிங்கப்பூரிலிருந்து பேராசிரியர் குமுதா என்பவர் எழுதினார். ஓலைச்சுவடிப் பாதுகாப்பில் பேர்போனவர். நேரில் வந்து பார்க்க வேண்டும், தயவுசெய்து அதுவரை வாடையைக் கெடுத்துவிடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாயிற்று. வாடையை விரட்டப் போராடியவள், வாடைக்குக் காவல் இருக்க வேண்டியதாயிற்று. புவான் ரொஹாயா கரிசனத்தோடு அனுப்பிய காற்றுச் சுத்திகரிப்பானைச் சிவநேசன் கம்பியைப் பிடுங்கித் திருப்பி அனுப்பினார். ஏட்டுக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது. பூனைகளை விரட்ட ஒரு பாதுகாவலர் வாசலில் நியமிக்கப்பட்டார். "ஆர்மியில இருந்துட்டு வந்தவன் மிஸ் நான்," என்று அவர் தனேஸ்வரியிடம் குறைப்பட்டுக்கொண்டார். அறையை விளையாட்டு அறையாக்குகிற வேலை, பேராசிரியர் வந்து போகும்வரை தள்ளிவைக்கப்பட்டது.

சிவநேசன் பத்து வயது குறைந்தவர் போல நடந்தார். "தனேஸ்வரி, உன் மூக்கு சாதாரண மூக்கு இல்லம்மா," என்று காண்கிற போதெல்லாம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு பேராசிரியரின் இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. வரும்போது பஞ்சில் ஒரு துளி ஒற்றி எடுத்துப் போவாராம். சோதனைக்கூடத்தில் கொடுத்தால் அது என்ன மீன், ஏறக்குறைய எந்தக் காலத்தது என்பதுவரை தெரிந்துவிடுமாம்.

எந்தக் காலம்! போன மாதத்துக் காலம் என்று தெரிந்துவிடும். பாகான் நக்கோடா ஓமார் கெம்போங் மீன் என்று, முடிந்தால் தனபாலனின் கடை எண்ணோடு சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் ஓடினாள். தனபாலன் படகுத்துறையில் நின்று, கூடை கூடையாக இறங்கிய மீனைப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அப்ப பழைய மீன் எண்ணெய்தான் வேணும், அப்படித்தானே? இவ்ளோதானா? பக்கத்து மலாய்க் கம்பத்துல ஒரு வயசான பாக் சிக் படகுக்குப் பூச எண்ணெய் வச்சிருக்காரு. அவரு அப்பா காலத்து டின்னு. பத்து வெள்ளி குடுத்தா ஒரு போத்தல் தருவாரு. மேலாக்க ஒரு கை தடவி விடு. சோதனையில பழசுன்னே வரும்."

தனேஸ்வரி கடலைப் பார்த்தாள். யோசனை மோசமில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு போத்தல் போதும். அறை தங்கும், சிவநேசன் சார் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், அவளுக்கும் வேலை நிலைக்கும்.

ஆனால் அந்தக் கை வெள்ளச்சியின் ஓலைமேல் அல்லவா தடவ வேண்டும்?

"வேணாம்ண்ணே," என்றாள். "பொய்ய குறிப்புல எழுதிட்டேன். அத அழிச்சுக்கலாம். ஏட்டு மேல பூசிட்டா அழிக்க முடியாது."

"அப்ப என்னா செய்யப் போற?"

"சொல்லிடப் போறேன்."

தனபாலன் நல்ல பெரிய கெம்போங்காகப் பார்த்து ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தான். "வேலை போனா இங்க வந்துரு பாப்பா. மீனுக்கும் யாராச்சும் பேரு எழுதி அடுக்கணும்ல?"

சொல்லிவிடப் போகிறேன் என்று சொன்னாளே தவிர, திங்கட்கிழமை சிவநேசனின் அறை வாசல்வரை போனவள், அவர் உள்ளே பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமை அவர் புதுச் சட்டை வாங்கியதைக் காட்டினார். புதன்கிழமை பேராசிரியரே வந்துவிட்டார்.

பேராசிரியர் குமுதா சுறுசுறுப்பான பெண்மணி. வாசலில் பூனைகளைப் பார்த்ததுமே கைதட்டினார். "பூனைங்களுக்குத் தெரியுது பாருங்க! இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

அறையில் சிவநேசனும் புவான் ரொஹாயாவும் இருந்தார்கள். சிறப்பு விருந்தாளியாகக் கதிரவேலுவையும் அழைத்திருந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, துடைத்து வைத்தது போன்ற முகம். ஏட்டுக்கு அருகே நாற்காலி போட்டிருந்தும், "பரவாயில்லை, பரவாயில்லை" என்று ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். சிவநேசன் அவரை ஒரு வார்த்தை பேசச் சொன்னார்.

"வருங்காலச் சந்ததிக்குப் போய்ச் சேரோணும் எண்டு தந்தனான்," என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மனிதர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று தனேஸ்வரிக்கு நெஞ்சு கனத்தது. இப்படிப்பட்ட மனிதரின் குடும்பச் சொத்தையா மீன்பெட்டியில் போட்டோம்?

பேராசிரியர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். மல்லிகைப் பந்தலுக்கு அடியில் நிற்பவர் போலக் கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார்.

"அமேசிங்," என்றார்.

சிவநேசனின் புதுச் சட்டை பெருமையில் விம்மியது. பேராசிரியர் கையுறை மாட்டினார். பஞ்சுக் குச்சியை எடுத்தார். ஓலையை நோக்கிக் குனிந்தார்.

"நில்லுங்க!"

அது தன் குரல்தான் என்பது தனேஸ்வரிக்குச் சற்றுத் தாமதமாகவே தெரிந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இனிப் பின்வாங்க முடியாது.

"அதுல இருக்கறது மீன் எண்ணெய் இல்ல மேடம். மீனு. சும்மா சாதாரண மீனு. லைப்ரரி உறைபெட்டி கெட்டுப்போச்சு. நான் யார்கிட்டயும் கேக்காம பாகான்ல எங்க அண்ணன் மீன் கடை ஐஸ்பெட்டியில ஏட்டைக் கொண்டுபோய் வச்சேன். அங்க ஒட்டுன வாடைதான் இது. மாட்டிக்குவேன்னு பயந்து மீன் எண்ணெய்னு கதை கட்டிட்டேன். சாருக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு முழுக்க என்னோடது. ஆனா ஏட்டுல எழுதியிருக்கறது எல்லாம் நெசம் மேடம். வாடைக்காக இல்லாட்டியும் வெள்ளச்சிக்காகவாவது இதைக் கிடங்குக்கு அனுப்பாதீங்க."

மூச்சு வாங்கியது. புவான் ரொஹாயா, யாராவது மொழிபெயர்ப்பார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

சிவநேசன் மெதுவாக நாற்காலியில் இறங்கினார். "மீன் கடை ஐஸ்பெட்டியிலயா?"

"ஆமா சார்."

"அதுக்குத்தான் கேள்விக்குறி போட்டுக்கிட்டே இருந்தியா?"

"ஆமா சார்."

"நான் அழிச்சுக்கிட்டே இருந்தேன்."

"ஆமா சார்."

சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் முகத்தில் கோபம் இல்லை. "பொய் சொன்னதுக்கு உன்னைத் திட்டணும்," என்றார். "அதை ரொம்ப ஆசையா நம்பினதுக்கு என்னை யாராவது திட்டணும். முதல்ல பதிவைத் திருத்து. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து புவான்கிட்ட திட்டு வாங்கிக்கலாம்."

தனேஸ்வரிக்கு அழுகை வந்தது. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு லேசாகவும் இருந்தது. கணினியின் முன் உட்கார்ந்து பதிவைத் திறந்தாள். பேராசிரியர் குமுதா ஏமாற்றத்தோடு பஞ்சுக் குச்சியை உறைக்குள் திரும்பப் போடப் போனார்.

ஜன்னல் ஓரத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கதிரவேலு எழுந்து நின்றுகொண்டிருந்தார். காது மடல்வரை சிவந்திருந்தது. கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்த வரியை அழிக்காதை பிள்ளை," என்றார் தயங்கித் தயங்கி. "பாட்டா காலத்தில இருந்து வருசா வருசம் அந்த ஏட்டுக்குச் சுறா எண்ணெய் பூசுறதுதான் எங்கட வீட்டு வழக்கம், அந்த நாத்தம் தாங்கேலாமல், ஒண்டில் ஏடு வீட்டில இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும் எண்டு என்ர மனுசி ஒற்றைக்காலில நிண்டதாலதானே உங்களிட்டைக் கொண்டுவந்து தந்தனான்!"